டீ குடித்துவிட்டு அளந்த தென்னை

மார்ச்சில் மறுபடியும் ஒரு தென்னை, பக்கத்து வீட்டுக் கூரைமேல். யாருக்கும் அடியில்லை, ஆஸ்பெஸ்டாஸ் மட்டும் போச்சு. மரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே 12 மீட்டர் இருந்தது. "மரம் ஒன்பதரை மீட்டர்தான் சார், கணக்குப் போட்டுத்தானே வெட்டினோம்!" என்றார்கள் வெட்டியவர்கள். விழுந்த பிறகுதான் என்னை மாதிரி சர்வேயரைக் கூப்பிடுவார்கள்.

கணக்கைக் கேட்டேன். காலை 9:30க்கு ஒரு மீட்டர் குச்சியை நட்டிருக்கிறார்கள். நிழல் 95 செ.மீ. அப்புறம் டீ. 10:30க்கு மரத்தின் நிழல் 9 மீட்டர். 9ஐ 0.95ஆல் வகுத்தால் ஒன்பதரை. வகுத்தல் சரிதான். ஆனால் அந்த நேரத்துக்குள் குச்சியின் நிழல் 57 செ.மீ.க்குச் சுருங்கியிருக்கும். மரம் கிட்டத்தட்ட 16 மீட்டர்.

குச்சிக்கு ஒருமுறை கிடைத்த விகிதம் நாள் முழுக்க நிற்கும் என்ற நம்பிக்கைதான் எனக்கு எரிச்சல். நிற்காது ஐயா! குச்சியும் அதன் நிழலும் ஒரு முக்கோணம், மரமும் அதன் நிழலும் இன்னொன்று. ஒரே நேரத்தில் சூரியக் கதிர் இரண்டிலும் ஒரே கோணத்தில் விழுவதால்தான் அவை வடிவொத்த முக்கோணங்கள். 9:30க்குச் சூரியன் சுமார் 46 பாகையில், 10:30க்கு 60 பாகையில். கோணம் மாறினால் முக்கோணமே வேறு. பள்ளியில் பயந்து ஓடிய 'டேன்' (tan) வேறொன்றுமில்லை, ஒவ்வொரு கோணத்துக்கும் இந்த உயரம்-நிழல் விகிதத்தை எழுதிவைத்த பட்டியல். 1802இல் பரங்கிமலைப் பக்கம் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் சுமார் 12 கி.மீ. நீளக் கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார். அங்கிருந்து பெரும்பாலும் கோணங்களை வைத்தே தொலைவுகளைக் கணக்கிட்டுக்கொண்டு போனார்கள்.

குச்சி நிழலையும் மர நிழலையும் ஆளுக்கொருவராக ஒரே நேரத்தில் அளங்கள். உச்சி வெயிலில் வேண்டாம். சென்னையில் ஏப்ரல் கடைசியில் நண்பகல் நிழல் இல்லாமலே போய்விடும். நிழல் குட்டையாக இருந்தால் இரண்டு செ.மீ. பிழைகூட மீட்டர் கணக்கில் வந்து நிற்கும். தரை சரிவா? இந்த வழியே வேண்டாம். மூலைமட்டத்தை 45 பாகையில் பிடித்து மர உச்சியைப் பார்ப்பவர்கள், மரம் வரையுள்ள தூரத்தோடு உங்கள் கண் உயரத்தையும் கூட்டுங்கள். பாதிப் பேர் மறப்பது இதைத்தான். சாய்ந்த தென்னையென்றால் தூரிலிருந்து அளக்காதீர்கள், உச்சிக்கு நேர் கீழேயுள்ள இடத்திலிருந்து அளங்கள்.

வந்த உயரத்துக்கும் இருக்கிற இடத்துக்கும் வித்தியாசம் இரண்டு மூன்று மீட்டர்தான் என்றால், தயவுசெய்து அடியில் வெட்டாதீர்கள். ஆள் ஏறித் துண்டு துண்டாக இறக்கட்டும். கூலி கூடத்தான் ஆகும்.