ஏசி அறையில் சுற்றும் மூச்சுக்காற்று

"பையனின் டியூஷன் அறையில் ஏசி இருக்கிறது. ஆனாலும் ஒருவனுக்குச் சளி பிடித்தால் அந்த வாரமே எல்லோருக்கும் பிடிக்கிறது. ஏசி நல்ல காற்றைத்தானே தருகிறது?" என்று கேட்டிருந்தார் ஒரு வாசகி.

ஸ்ப்லிட் ஏசியின் ஒரு பெட்டி வெளியே தொங்குவதால், அது வெளிக்காற்றை இழுத்துத் தருகிறது என்றே பலரும் நம்புகிறோம். சுவரைத் தாண்டிக் காற்று வருவதில்லை; செம்புக் குழாய்க்குள் குளிரவைக்கும் பொருள்தான் ஓடுகிறது. உள்ளே இருக்கும் பெட்டி, அறையின் காற்றையே உறிஞ்சி, குளிரவைத்து, திரும்ப அறைக்குள்ளேயே ஊதுகிறது. இருமலில் தெறிக்கும் பெரிய துளிகள் சீக்கிரம் கீழே விழுந்துவிடும். பேச்சிலும் மூச்சிலும் வரும் நுண்துளிகள் அப்படியல்ல, நெடுநேரம் மிதக்கும்.

2020 ஜனவரி 24 அன்று சீனாவின் குவாங்சோ நகரில், ஜன்னல் இல்லாத ஓர் உணவகத்தில் மூன்று குடும்பங்கள் அடுத்தடுத்த மேசைகளில் மதிய உணவு சாப்பிட்டன. நடு மேசைக் குடும்பம் முந்தின நாள்தான் வூகானிலிருந்து வந்திருந்தது. அந்த மூன்று மேசைகளிலும் சேர்த்து 10 பேருக்குக் கொரோனா. பரிமாறியவர்களில் ஒருவருக்கும் இல்லை. பிறகு ஆய்வாளர்கள் அங்கே காற்றின் போக்கைக் காட்டும் அடையாள வாயுவைக் கலந்து அளந்தபோது, ஒரே ஏசியின் காற்று அந்த மூன்று மேசைகளைச் சுற்றிச் சுற்றி வந்தது தெரிந்தது. ஆளுக்கு நொடிக்கு ஒரு லிட்டர் அளவே வெளிக்காற்று கிடைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 10 லிட்டர்.

சரி, நம் அறையில் எப்படி அளப்பது? எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இதுதான். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. நாம் விடும் மூச்சில் சுமார் 40,000. அறையில் இந்த வாயுவை அளக்கும் கருவி 2,000 காட்டினால், கூடியிருக்கும் 1,580-ம் நம் நுரையீரல்களிலிருந்து வந்தது. 40,000-ல் அது ஏறக்குறைய 4 சதவீதம். அதாவது இழுக்கும் 25 மூச்சில் ஒன்று, ஏற்கெனவே யாரோ இழுத்து விட்டது! கிருமி எவ்வளவு என்று இந்த வாயு சொல்லாது, ஒருவர் மூச்சை ஒருவர் எவ்வளவு பகிர்கிறோம் என்று சொல்லிவிடும்.

இந்தக் கருவி சில ஆயிரம் ரூபாய்தான். ஸ்மார்ட் போர்டுக்குச் செலவழிக்கும் பள்ளிகள் வகுப்புக்கு ஒன்று வாங்கி மாட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

"பனிக்காற்று பட்டால் சளி பிடிக்கும், ஜன்னலைச் சாத்து" என்று வளர்ந்தவன் நான். போன மார்கழியில் மூன்று பேர் படுத்த எங்கள் அறையில், விடிகாலை கருவி 2,100 காட்டியது. ஜன்னலை நான்கு விரல் அகலம் திறந்து வைத்தேன். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் 800.