இருப்பு அல்ல, புழக்கம்

'உங்கள் சிறுதொழிலுக்கு ஆன்லைன் இருப்பு அவசியம்.' மதுரையில் எந்தத் தொழில் பயிற்சிக்குப் போனாலும், எந்த டிஜிட்டல் விளம்பர நோட்டீஸைப் பிரித்தாலும் இந்த வரிதான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

இணையத்தில் தேடினால் கடை கண்ணில் படுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆங்கில மூலச்சொல் 'பிரசன்ஸ்'. லத்தீனில் 'பிரே' என்றால் முன், 'எஸ்ஸே' என்றால் இருத்தல். கல்யாணப் பத்திரிகையில் போடுகிறோமே, 'முன்னிலை', அதுவேதான். ஆனால் 'இணைய முன்னிலை' என்றால் ஓட்டு எண்ணிக்கையில் யாரோ முந்துகிறார் என்றுதான் இன்று தோன்றும். 'பிரசன்னம்' என்றால் ஜோசியரிடம் போகச் சொல்வார்கள். இரண்டையும் விடுவோம்.

என் வழக்கு 'இருப்பு' மேல்தான். ரேஷன் கடைப் பலகையில் இருப்பு என்றால் அரிசியும் சர்க்கரையும். கீழமாசி வீதி மளிகை மண்டியில் 'பருப்பு இருப்பு எவ்வளவு?' என்றால் மூட்டைக் கணக்கு வரும். பேரேட்டில் ஆரம்ப இருப்பு, இறுதி இருப்பு, பெட்டியில் கையிருப்பு. இப்படியே பேசிப் பழகிய அண்ணாச்சியிடம் 'இணைய இருப்பு வேணும்' என்றால், 'ஆன்லைன்ல விக்கத் தனியாச் சரக்கு எடுத்து வைக்கணுமா தம்பி?' என்றுதான் கேட்பார். சரியான கேள்வி. 'அதெல்லாம் நமக்குத் தோதுப்படாது' என்று அவர் ஒதுங்கினால் பழி சொல்லுக்கு, அவருக்கல்ல.

'இருத்தல்தானே இருப்பு, அகராதியைப் பாருங்கள்' என்பார்கள். பார்த்தாயிற்று. அகராதி சம்மதித்தாலும் கடைத்தெரு சம்மதிக்கவில்லை. அதோடு, இருப்பு என்பது சும்மா கிடப்பதற்கும் பொருந்தும். மீனாட்சி கோயில் எதிரே, புதுமண்டபத்தில் இருந்த தையல்கடைகளும் வளையல்கடைகளும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. அப்படி மாறிய ஒரு கடையை மேப் இன்னும் பழைய இடத்திலேயே காட்டினால், அதற்கும் 'ஆன்லைன் இருப்பு' உண்டுதான்! ரவிக்கைத் துணியோடு வந்த அக்கா மண்டபத்து வாசலில் நின்று விழிப்பார்.

வேண்டியது புழக்கம். ஆள் புழக்கம், பணப் புழக்கம் என்கிறோம். கையாளாவிட்டால் புழக்கம் அற்றுப்போகும். கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடை விவரத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் (2021 வரை மை பிசினஸ்) காசு கேட்பதில்லை. அதில் மேப் குறியைச் சரியான வாசலில் வைப்பது, சித்திரைத் திருவிழாவில் கடை அடைத்தால் அதைப் போடுவது, மாறிய போன் நம்பரைத் திருத்துவது எல்லாம் புழக்கம். மதுரைச் சுங்குடிச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005-இல். ஆனாலும், கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்ப்பவர் தன் சேலையைப் படம் எடுத்து வாட்ஸ்அப் கேட்டலாக்கில், அதாவது சரக்குப் படப் பட்டியலில், ஏற்றாவிட்டால், தேடுகிறவர் கண்ணில் பிரிண்ட் சேலைதான் படும்.

'இணையப் புழக்கம்' என்றால் நெட் பார்ப்பது என்று ஆகிவிடாதா என்று ஒரு நண்பர் மடக்கினார். 'கடையின் இணையப் புழக்கம்' என்று சொல்லிவிட்டால் குழப்பமில்லை. 'விர்ச்சுவல்' என்பதைத் தமிழாக்கி 'மெய்நிகர் இருப்பு' என்று எழுதும் தனித்தமிழ் அன்பர்களை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. நானும் தனித்தமிழ்ப் பக்கம்தான். கடை கல்லும் சுண்ணாம்புமாகக் கண்ணெதிரே நிற்கிறது, அதில் மெய்நிகர் எங்கே வந்தது?

மொழிபெயர்ப்பாளர்களின் தொல்லையே இதுதான்: ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் இருந்தால் தமிழிலும் ஒன்றைச் செதுக்கியே தீருவார்கள். 'ஆன்லைன் இருப்பை மேம்படுத்துங்கள்' என்பதை எந்த வியாபாரியாவது வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதுண்டா? நோட்டீஸ் அடிப்பவர்கள் 'போனில் தேடினால் உங்கள் கடை கிடைக்கிறதா?' என்று போட்டுப் பார்க்கட்டும்.