ஸ்பேனியலின் காதைத் தூக்கிப் பாருங்கள்

"பிள்ளையைக் கடிக்க வந்துவிட்டது, டாக்டர். யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று இருக்கிறோம்." நான்கு வயதுக் காக்கர் ஸ்பேனியலை மேசைமேல் ஏற்றிவிட்டு அந்தத் தந்தை சொன்னார். நாயோ என் கையை நக்கிக்கொண்டிருந்தது. வாலோடு சேர்ந்து இடுப்பும் ஆடியது. எப்போது சீறியது என்று கேட்டேன். பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டபோதாம்.

இடது காதுமடலைத் தூக்கினேன். குப்பென்று புளித்த வாடை. உள்ளே சிவந்து தடித்த தோல், கரும்பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பான அழுக்கு. காதின் அடியை விரலால் லேசாக அழுத்தியதும் தலையைச் சாய்த்து முனகியது. பிள்ளையின் கை அழுந்தியதும் அதே இடத்தில்தான்.

புதரில் பதுங்கும் வுட்காக் பறவையைக் கிளப்பிவிட வளர்க்கப்பட்ட நாய் காக்கர். பெயரும் அதிலிருந்தே வந்தது. வேட்டைக்காரரின் கண்பார்வையை விட்டு விலகாமல் வேலை செய்த பரம்பரை என்பதால், வீட்டிலும் ஆளை விட்டு நகராது. குளியலறைக் கதவுக்கு வெளியேகூடக் காத்துக் கிடக்கும். மனம் மிக மென்மையானது. குரலை உயர்த்தினால் சில நாய்கள் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிடும். அது பணிவின் அடையாளம். அதற்கும் சேர்த்துத் திட்டினால் இன்னும் மோசமாகும். இந்த மென்மைதான் சிக்கல். காது புண்ணாகிக் கிடக்கும்போதும் வாலை ஆட்டிக்கொண்டு வருவதால், வலி இருப்பதே வீட்டாருக்குத் தெரிவதில்லை.

நாயின் காதுக்குழாய் நேராக உள்ளே போவதில்லை. கீழே இறங்கி, முழங்கை போல் மடங்கி, பிறகுதான் செவிப்பறையை அடைகிறது. அதன்மேல் கனத்த, முடி அடர்ந்த மடல் மூடிபோல் கிடக்கிறது. காக்கருக்கு மெழுகு சுரப்பதும் அதிகம். வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்தால் ஈஸ்டுக்கும் பாக்டீரியாவுக்கும் கொண்டாட்டம். திரும்பத் திரும்ப வந்தால் ஒவ்வாமை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பல நாய்களுக்கு மூலகாரணம் அதுதான். வருடக்கணக்கில் விட்டுவிட்டால் குழாய் தடித்து, சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொள்ளும். அப்புறம் குழாயையே அறுவை செய்து அகற்றுவதைத் தவிர வழியிருக்காது.

வாரம் ஒருமுறை மடலைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். கண்ணைவிட மூக்கு முந்திக் கண்டுபிடித்துவிடும். சுத்தம் செய்யும்போது, மருத்துவர் சொன்ன திரவத்தைக் காது நிறைய விட்டு, அடிப்பகுதியை அரை நிமிடம் பிசைந்துவிடுங்கள். சளக் சளக்கென்று சத்தம் கேட்கும். பிறகு நாய் தலையை உதறட்டும். வெளியே வந்ததை மட்டும் பஞ்சால் துடைத்தால் போதும். பஞ்சுக் குச்சி வேண்டவே வேண்டாம், அது அழுக்கை அந்த மடிப்புக்குள் தள்ளிவிடும். சென்ற முறை மிச்சமான சொட்டு மருந்தையும் விடாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் கேட்கும் திறனையே கெடுத்துவிடும். குளித்த பிறகும் நீந்திய பிறகும் காதை உலர்த்துங்கள். தண்ணீர்க் கிண்ணம் குறுகலாக இருந்தால் மடல்கள் வெளியே தொங்கும், நனையாது.

காரணமே இல்லாமல் நாய் திடீரென்று ஆவேசமாகக் கடிக்கப் பாய்வதை 'ரேஜ் சிண்ட்ரோம்' என்று இணையத்தில் படித்துவிட்டு வருபவர்கள் உண்டு. அப்படி ஒரு நிலை பேசப்படுவது உண்மைதான். ஆனால் அது மிக அரிது. காதையும் பல்லையும் மூட்டையும் பார்க்காமல் அந்த முத்திரையைக் குத்துவது எனக்குப் பிடிக்காது. வாயில் கவ்விய காலுறையைப் பிடுங்கப் போனால் உறுமுவது வேறு கதை. பிடுங்காதீர்கள், தின்பண்டம் ஒன்றைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

மற்றவை சுருக்கமாக. இங்கிலீஷ் காக்கரின் எடை சுமார் 13 முதல் 14.5 கிலோ, சாப்பாட்டுக்கு அது கெஞ்சும் பார்வையை நம்பினால் எளிதில் தாண்டிவிடும். அக்குளிலும் காதுக்குப் பின்னும் முடி சடை பிடிக்கும், அங்கே சீப்பு தினமும் போக வேண்டும். குட்டி வாங்கும்போது, விழித்திரை படிப்படியாகச் சிதையும் பரம்பரை நோய்க்குத் தாய் தந்தைக்கு மரபணுச் சோதனை செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கவே கூடாது.

அந்த நாயை வீட்டார் யாரிடமும் கொடுக்கவில்லை. இடது காது தேற ஐந்து வாரம் ஆயிற்று. கழுத்தைக் கட்டிக்கொள்ளும் பழக்கத்தைப் பிள்ளை விட்டுவிட்டது; இப்போது நெஞ்சைத்தான் தடவிக்கொடுக்கிறது. வலது காதில் மட்டும் இன்னும் கொஞ்சம் சிவப்பு இருக்கிறது, அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்.