தட்டிப் பார்த்து வாங்க வேண்டிய படகு

கரீபியக் கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான மார்ட்டினிக் தீவு. அதன் தென்பக்கத்தில் ல மரேன் என்றொரு துறை. சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு ஓடிக் களைத்த, இரட்டை உடல் கொண்ட கேட்டமரான் பாய்ப்படகுகள் விற்பனைக்கு வந்து நிற்கும் ஊர்களில் அதுவும் ஒன்று. வாங்க வருகிறவர் கூடவே படகைச் சோதித்துச் சொல்லும் ஒரு சர்வேயரையும் அழைத்து வருவார். சர்வேயர் பையிலிருந்து முதலில் வெளியே வருவது ஒரு சின்ன பிளாஸ்டிக் சுத்தியல். மண்டியிட்டுத் தளத்தைச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போவார். டக், டக், டக். திடீரென்று ஓரிடத்தில் சத்தம் ‘தொப்’பென்று அமுங்கும். அங்கே பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டு நகர்வார். சந்தையில் மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குகிறோமே, அதே வித்தைதான்.

அந்தத் ‘தொப்’ ஏன் வருகிறது என்று புரிய, தளத்தை வெட்டிப் பார்க்க வேண்டும். மேலே ஒரு மெல்லிய ஃபைபர் தகடு, கீழே ஒன்று, நடுவே பால்சா மரம் அல்லது நுரைப் பலகை. ஒரு பலகை வளையாமல் நிற்கும் திறன் அதன் தடிமனோடு மூன்றாம் படியில் ஏறுகிறது. ஃபைபரை இரண்டாகப் பிரித்து, இடையில் லேசான பொருளை வைத்து மொத்தத் தடிமனை இருமடங்காக்கினால் விறைப்பு சுமார் ஏழு மடங்காகிவிடும். எடையோ கொஞ்சம்தான் கூடும். எடை கூடினால் கேட்டமரானின் வேகம் படுத்துவிடும் என்பதால், வடிவமைப்பாளர்களுக்கு இது வரப்பிரசாதம்.

ஆனால் இரண்டு தகடும் நடுப்பலகையோடு ஒட்டியிருக்கும்வரைதான் இந்தக் கணக்கு. தளத்தில் கைப்பிடித் தூணையோ கயிறு கட்டும் கொக்கியையோ பொருத்த யாரோ ஒரு துளை போடுகிறார். நீர் புகாமல் சுற்றிப் பூசிய சீலன்ட் பசை பத்து வருடத்தில் காய்ந்து வெடிக்கிறது. மழைநீர் துளி துளியாக உள்ளே இறங்குகிறது. பால்சாவை நார் செங்குத்தாக நிற்கும்படி அறுத்து வைப்பதால் நீர் பக்கவாட்டில் எளிதில் பரவாது என்பது உண்மைதான். ஆனால் வளைவுகளில் படிய வேண்டும் என்பதற்காகப் பலகையில் கீறல்கள் போட்டிருப்பார்கள். ஃபைபரைக் கெட்டியாக்கும் ரெசின் பிசின் நிரம்பாத கீறல்கள் வாய்க்காலாகிவிடும். மரம் ஊறி, அழுகி, தகட்டை விட்டு விலகும். சுத்தியலுக்குக் கேட்பது அந்த விலகல்தான். நுரைப் பலகை அழுகாது. ஆனால் அதுவும் தகட்டை விட்டுப் பிரியும், அதே சத்தம்தான் வரும்.

ஈரமானி ஒன்றும் சர்வேயரிடம் இருக்கும். உப்புப் படிந்த இடத்திலும், தாமிரம் கலந்த அடிப்பெயிண்டின் மேலும் அது தாறுமாறாகக் காட்டும். என்னைக் கேட்டால் கருவி சொல்வதைக் காது ஆமோதித்தால் மட்டும் நம்பலாம்.

பழுது பார்ப்பதில் மந்திரம் எதுவுமில்லை. மேல்தகட்டை வட்டமாக அறுத்து எடுத்து, ஊறிய மரத்தைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, புதுப் பலகையை எபாக்ஸி பிசினில் பதித்து மூட வேண்டும். விளிம்பைச் செங்குத்தாக விடாமல், ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் என்று சாய்வாகத் தேய்த்துவிட்டுப் புது ஃபைபரை அடுக்க வேண்டும். செங்குத்து இணைப்பில் பாரமெல்லாம் ஒரே கோட்டில் விழும். சாய்வில் பரந்து இறங்கும். படகு பாலியெஸ்டர் பிசினில் வார்த்ததாக இருந்தாலும் ஒட்டு எபாக்ஸியில்தான். ஆறிப்போன பழைய பாலியெஸ்டரைப் புதுப் பாலியெஸ்டர் அவ்வளவாகப் பற்றாது. துளைகளுக்கும் வைத்தியம் உண்டு: துளையைப் பெரிதாக்கி, கெட்டி எபாக்ஸியால் அடைத்து, அதன் நடுவே மறுபடி துளை போடுவது. அதற்குப் பிறகு சீலன்ட் தோற்றாலும் நீர் மரத்தைத் தொடாது.

தளம் ஈரமென்றால் பேரம் பேசலாம். இரண்டு உடல்களையும் சேர்த்துப் பிடிக்கும் இணைப்பு தளர்ந்திருந்தால் திரும்பிப் போய்விடுவதே புத்தி.

அந்த இணைப்பின் மேல் எவ்வளவு பாரம் விழுகிறது என்பதற்கு ஓர் உத்தேசக் கணக்கு. ஏழு டன் எடையுள்ள ஒற்றை உடல் பாய்ப்படகு காற்றில் 30 டிகிரி சாயும்போது அதை நிமிர்த்தும் விசை ஏறக்குறைய நாலு டன்-மீட்டர். அதே எடையுள்ள கேட்டமரானில் இரு உடல்களின் நடுக்கோடுகளுக்கு இடையே ஐந்து மீட்டர் என்று வைப்போம். ஓர் உடல் தண்ணீரை விட்டு எழும் தறுவாயில் நிமிர்த்தும் விசை, எடையைப் பாதித் தூரத்தால் பெருக்கினால் 17.5 டன்-மீட்டர். காற்றின் வேகம் மணிக்கு 15 கடல்மைலிலிருந்து 21 கடல்மைலுக்கு ஏறினால் பாயின் மேல் அழுத்தம் இருமடங்காகும். ஒற்றைப் படகு அப்போது சாய்ந்து கொடுத்து, காற்றைப் பாயின் மேலே நழுவ விட்டுவிடும். கேட்டமரான் சாயாது. மேசையில் வைத்த காபி சிந்தாமல் இருப்பதைப் பார்த்துப் பயணிகள் மகிழ்வார்கள். அந்த விசை முழுவதையும் பாய்மரத்தின் கம்பிகளும் மூட்டுகளும் வாங்கிக்கொள்கின்றன.

அலை வேறு இருக்கிறது. கோணலாக வரும் அலையில் இடது உடலின் மூக்கு எழும்பும் நேரத்தில் வலது உடலின் வால் எழும்பும். ஈரவேட்டியை இரண்டு பேர் பிடித்துப் பிழிவதுபோல நடுப்பகுதி முறுக்கப்படும். ஒவ்வொரு அலைக்கும் ஒரு முறுக்கு, வருடக்கணக்கில். இதைத் தாங்குவது பாய்மரத்தின் கீழே இருக்கும் குறுக்குச் சுவர். அது படகின் உடலோடு ஃபைபர் பட்டைகளால் ஒட்டப்பட்டிருக்கும். பட்டை பிரிந்தால் வெளியே எதுவும் தெரியாது. ஆகவே சர்வேயர் அறைக் கதவுகளைத் திறந்து மூடிப் பார்ப்பார். கரையில் சரியாக மூடிய கதவு கடலில் இறங்கியதும் நிலையில் உரசுகிறதென்றால், நிலை கோணுகிறது என்று பொருள். பிறகு கட்டிலின் பலகையைக் கழற்றி, டார்ச்சோடு தலைகீழாகத் தொங்கிச் சுவரின் ஓரத்தைத் தேடுவார்.

பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பி எவர்சில்வர்தான், உப்புத்தண்ணீருக்கென்றே மாலிப்டினம் சேர்த்த 316 வகை. அதிலுள்ள குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்து சில நானோமீட்டர் தடிமனில் ஒரு படலம் போர்த்துகிறது. கீறல் விழுந்தாலும் ஆக்சிஜன் இருந்தால் படலம் தானே வளரும். கம்பியின் நுனியை இறுக்கிய குப்பிக்குள்ளும், தளத்துக்குள் புதைந்த பட்டைத் தகட்டிலும் உப்புநீர் தேங்குகிறது; ஆக்சிஜன் போகாது. அங்கே படலம் அழியும், உலோகம் உள்ளுக்குள் குழியும். வெளியே பளபளப்பு மாறாது. குப்பியின் வாயில் ஒரு பழுப்புக் கசிவு மட்டும் தெரியும். கம்பியைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே போனால், அறுந்த இழை பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். பத்துப் பதினைந்து வருடமான கம்பியைக் காரணம் கேட்காமல் மாற்றிவிடுவதே வழக்கம்.

இணைப்பை விறைப்பாக்கியே தீர வேண்டுமா என்று கேட்டவர்களும் உண்டு. 1876இல் நியூயார்க் பந்தயத்தில் மற்றப் படகுகளைத் தோற்கடித்து, அதனாலேயே எதிர்ப்புக் கிளம்பித் தகுதியிழந்த ‘அமரில்லிஸ்’ படகில், அமெரிக்க வடிவமைப்பாளர் நத்தானியல் ஹெரஷாஃப் இரு உடல்களும் தனித்தனியே மேலும் கீழும் ஆடும்படி பந்துக்கிண்ண மூட்டுகளை வைத்திருந்தார். 1950களில் ‘தங்கரோவா’ என்ற சிறு கேட்டமரானில் அட்லாண்டிக்கைக் கடந்த ஜேம்ஸ் வாரம் (Wharram) என்ற ஆங்கிலேயர், பிற்காலத்தில் வடிவமைத்த படகுகளில் குறுக்கு உத்திரங்களைக் கயிற்றால் கட்டச் சொன்னார். கட்டு சற்றே நெகிழும். முறுக்கு ஓரிடத்தில் குவியாது.

கேட்டமரான் என்ற சொல் நம்மிடமிருந்து போனது எல்லோருக்கும் தெரியும். 17ஆம் நூற்றாண்டு இறுதியில் ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையில் பார்த்து எழுதியது இரட்டை உடல் படகை அல்ல, வெறும் மரக்கட்டை மிதவையை. பெயர் எப்படியோ வேறு படகுக்கு ஏறிவிட்டது. கட்டுமரத்தில் போகும் நம் மீனவர்கள் கரையேறியதும் பிணைத்த கயிற்றை அவிழ்த்து, மரங்களைப் பிரித்து மணலில் காயப்போடுவார்கள். ஊறிய மரம் கனக்கும், மிதப்புக் குறையும்.

ல மரேனில் நிற்கும் படகை அப்படி அவிழ்க்க முடியாது. ஜேம்ஸ் வாரமின் வடிவமைப்பில் செய்த பழைய படகு ஒன்று கிடைத்தால் உத்திரங்களையாவது அவிழ்க்கலாம். கயிறு எங்கே தேய்ந்திருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். புதுக்கயிறு வாங்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.