மேசைமேல் ஒரு சுருட்டு இயந்திரம்

ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிடச் சொல்லி திருச்சி உறையூர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். எழுபதை நெருங்கும் வயது. மனைவியும் உடன் வந்திருந்தார். (ஊரைத் தவிர மற்ற அடையாளங்களை மாற்றியிருக்கிறேன், அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.)

வாயைத் திறக்கச் சொன்னேன். பல்லைத் தேடிப் போன கண் மேல் அண்ணத்திலேயே நின்றுவிட்டது. அண்ணம் முழுவதும் சாம்பல் பூத்த வெண்மை. அதன்மேல் குங்குமம் தொட்டு வைத்தாற்போலச் சிறு சிறு சிவப்புப் புள்ளிகள்.

"ஒரு நாளைக்கு எத்தனை சுருட்டு ஐயா?"

"சுருட்டு என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் டாக்டர்?"

அண்ணத்தில் நூற்றுக்கணக்கான குட்டி உமிழ்நீர்ச் சுரப்பிகள் இருக்கின்றன. நாள்தோறும் சூடான புகை மோதினால் சுற்றியுள்ள தோல் தடித்து வெளுக்கும். சுரப்பிகளின் வாய்கள் மட்டும் வீங்கிச் சிவந்து தெரியும். பைப், சுருட்டு பிடிப்பவர்களிடம்தான் இது அதிகம். நிகோடின் ஸ்டொமடைட்டிஸ் என்று பெயர். நிகோடின்மேல் பழி போட்ட பெயர். உண்மையில் குற்றவாளி சூடு. புகையை நிறுத்தினால் சில வாரங்களில் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் பக்கத்தில் பெண்கள் கங்கு உள்ளே இருக்கும்படி சுருட்டைத் தலைமாற்றிப் பிடிப்பதுண்டு. அவர்களுக்கு அண்ணத்திலேயே புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம்.

பெரியவரின் அண்ணம் அந்த வகை இல்லை. ஆனால் வலது கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெண்படலம் இருந்தது. பஞ்சால் துடைத்தேன், போகவில்லை. துடைத்தால் போகாத வெள்ளையை நாங்கள் சும்மா விடுவதில்லை.

முன்பெல்லாம் நாளைக்கு இரண்டு சுருட்டாம். இப்போது ஆறு. இடையில் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"மெஷின் செய்துவிட்டேன்" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கைப்பேசியை எடுத்துப் படம் காட்டினார்.

அவர் ஓய்வுபெற்ற ஃபிட்டர். பழைய கதவின் தேக்குப் பலகைதான் அடித்தளம். இரண்டு ஓரங்களிலும் வளைந்த தண்டவாளம்போல மரச்சட்டங்கள். ஒரு முனையில் ரெக்சின் துணியை ஆணியடித்து இறுக்கியிருக்கிறார். மறுமுனை தளர்ந்து தொங்குகிறது. பழுதான மிக்சியிலிருந்து கழற்றிய பேரிங்குகளில் ஓர் இரும்புக் குழாய் சுழல்கிறது. ரெக்சினில் ஒரு மடிப்பு விட்டு, அதில் ஈரம் பதமான இலையை விரித்து, அதன்மேல் கிழித்த புகையிலையை வைத்துக் குழாயை முன்னே தள்ள வேண்டும். மடிப்பு உருண்டபடியே போக, இலையும் உள்ளீடும் சேர்ந்து இறுகி மறுகோடியில் சுருட்டாக விழுகிறது. மேலிலையை மட்டும் கையால் சுற்றி, மைதாப் பசை தொட்டு ஒட்டுகிறார். வெளிநாட்டுச் சுருட்டு ஆலைகளிலும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்யும் மேசைக் கருவி உண்டு. பெரியவர் அதைப் பார்த்ததே இல்லை. பாயைச் சுருட்டும்போது தோன்றியதாம்.

நல்ல வேலைப்பாடு என்று மனதாரச் சொன்னேன். பல் செட் செய்து பிழைப்பவன் நான்; கைவேலையை மதிக்காமல் இருக்க முடியாது. அவர் எனக்காக ஒரு சுருட்டைச் சட்டைப்பையில் கொண்டுவந்திருந்தார். அச்செடுக்கும் மாவை நிறுக்கும் தராசில் அதை வைத்தேன். 6 கிராம். ஒரு சிகரெட்டில் இருக்கும் புகையிலை ஒரு கிராமுக்கும் குறைவு. ஆறு சுருட்டுக்கு 36 கிராம். ஏறக்குறைய நாற்பது சிகரெட்டின் இலை. அவர் முகத்தில் வெளிச்சம் சற்றுக் குறைந்தது.

முன்பு கையால் சுருட்டும்போது ஒன்றுக்கு இருபது நிமிடம் பிடித்ததாம். இடுப்பு வலிக்கும், இரண்டோடு எழுந்துவிடுவார். கடையில் வாங்கினால் காசு கரையும். அந்த வலியும் காசும்தான் அவருக்கு இத்தனை காலம் கடிவாளமாக இருந்திருக்கின்றன. இயந்திரம் இரண்டையும் கழற்றிவிட்டது. உலக அளவிலும் இதுதான் நடந்தது. 1881இல் அமெரிக்காவில் பான்சாக் என்ற இளைஞர் சிகரெட் சுற்றும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். கைதேர்ந்த தொழிலாளி நிமிடத்துக்கு நான்கைந்து சுற்றிய காலத்தில் அது பத்து மணி நேரத்தில் 1,20,000 சிகரெட்டைத் தள்ளியது. அதுவரை நுரையீரல் புற்றுநோய் மருத்துவர்களே அபூர்வமாகப் பார்த்த நோய். இலை முன்பும் அதே இலைதான். கூடியது வேகமும் மலிவும்.

"கடைச் சரக்கில் ரசாயனம் கலக்கிறார்கள் டாக்டர். இது என் கையால் செய்தது. திண்டுக்கல் பக்கத்து இலை, கருப்பட்டித் தண்ணீர், மைதா. வேறெதுவும் இல்லை."

இந்த வாதத்தை வாரம் ஒருவராவது என்னிடம் சொல்கிறார்கள். புகையிலையில் முக்கியமான விஷத்தை யாரும் கலக்க வேண்டியதில்லை, இலையே செய்துகொள்கிறது. பறித்த இலையைக் குவித்து, புழுங்கவிட்டுப் பதப்படுத்தும்போது, அதிலிருக்கும் நைட்ரேட்டை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அந்த நைட்ரைட் இலையிலுள்ள நிகோடின் போன்ற ஆல்கலாய்டுகளோடு சேர்ந்து நைட்ரோசமைன்கள் உருவாகின்றன. அவற்றில் இரண்டை மனிதருக்கு உறுதியாகப் புற்றுநோய் தருபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது. சுருட்டு இலையை நீண்ட காலம் புளிக்க வைப்பதால் அதில் இவை சிகரெட் இலையைவிடக் கூடுதல். கருப்பட்டியும் குடிக்கும் காப்பியில்தான் நல்லது. சர்க்கரை எந்த வடிவில் இருந்தாலும் எரிந்தால் ஃபார்மால்டிஹைடு போன்ற வாயுக்கள் கிளம்பும். பிணத்தைப் பாடம் செய்ய எதைக் கரைத்து வைக்கிறார்களோ, அதே பொருள்தான்.

"ஆனால் நான் புகையை உள்ளே இழுப்பதில்லையே?"

இதுவும் பாதிதான் உண்மை. சிகரெட் புகை சற்று அமிலத்தன்மை கொண்டது. அதிலுள்ள நிகோடின் வாய்த்தோலை எளிதில் தாண்டாது, நெஞ்சுக்குள் இழுத்தால்தான் ரத்தத்தில் ஏறும். சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டது. வாயில் வைத்திருந்தாலே போதும், கன்னத்தின் வழியாகவே நிகோடின் உள்ளே போய்விடும். அதனால்தான் சுருட்டுக்காரர் நெஞ்சுக்குள் இழுக்காமலேயே அடிமையாகிறார். நுரையீரல் ஓரளவு தப்பலாம்; வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் தப்புவதில்லை. சிகரெட்டிலிருந்து சுருட்டுக்கு மாறியவர்களோ பழைய பழக்கத்தில் உள்ளேயும் இழுக்கிறார்கள்.

இன்னொன்றையும் கண்ணாடியில் காட்டினேன். அவருடைய ஈறில் ரத்தக்கசிவே இல்லை. அதையும் நல்ல அறிகுறி என்றே நினைத்திருந்தார். நிகோடின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடுவதால், ஈறு உள்ளே அழுகினாலும் வெளியே ரத்தம் தெரியாது. பல் ஆடும் வரை வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

"அத்தனை சுருட்டு பிடித்த சர்ச்சில் தொண்ணூறு வயது வரை இருந்தாரே" என்றார். உறையூரில் இதைச் சொல்லாமல் யாரும் எழுந்து போவதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் திருச்சிச் சுருட்டு லண்டன் வரை போனது, ஆங்கிலத்தில் இருக்கும் செரூட் என்ற சொல்லே நம் சுருட்டுதான். கருப்பசாமிக்கும் முனியாண்டிக்கும் படையலில் வைக்கிறோம். எல்லாம் பெருமைதான். சர்ச்சிலின் வயதைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இந்த ஊரில் பலகைமுன் குனிந்து சுருட்டிக் கொடுத்தவர்கள் எத்தனை வயது வரை இருந்தார்கள் என்று சொல்ல யாருமில்லை.

அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா அப்போதுதான் பேசினார். "இலையை நனைத்து, நரம்பு கிழித்துக் கொடுப்பது நான்தான். அந்த நாளெல்லாம் தலை சுற்றுகிறது, குமட்டுகிறது. பித்தம் என்று எலுமிச்சை பிழிந்து குடிக்கிறேன்."

பித்தம் இல்லை. நிகோடின் தண்ணீரில் கரையும், தோல் வழியாகவும் உடம்புக்குள் ஏறும். மழைநாளில் புகையிலைத் தோட்டத்தில் அறுவடை செய்பவர்கள் வாந்தியும் மயக்கமுமாய்ச் சுருண்டு விழுவதைப் பச்சைப் புகையிலை நோய் என்கிறோம். ஒரு மணி நேரம் ஈர இலையில் கை வைத்திருக்கும் இந்த அம்மாவின் உடம்பிலும் நடப்பது அதுவேதான் என்பது என் கணிப்பு. வாழ்நாளில் ஒரு இழுப்பு இழுக்காத பீடி சுற்றும் பெண்களின் சிறுநீரில்கூட நிகோடினின் கழிவுப்பொருள் கூடுதலாக இருப்பதை நம் நாட்டு ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. தென்காசியிலும் திருநெல்வேலியிலும் எத்தனை வீட்டுத் திண்ணைகளில் இந்தப் "பித்தம்" எலுமிச்சைச் சாற்றோடு போய்க்கொண்டிருக்கிறதோ தெரியவில்லை. இலை கிழிக்கும்போது பறக்கும் தூசியால் வரும் இருமல் தனி.

நான் அதிகம் பயந்தது இலை ஊறும் பாத்திரத்துக்குத்தான். அது கூடத்தில் தரையில் இருக்கிறது; வீட்டில் இரண்டு வயதுப் பேத்தி இருக்கிறாள். தேநீர் நிறத்தில் இருக்கும் அந்தத் தண்ணீரில் இலையின் நிகோடின் இறங்கியிருக்கும். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி, எச்சில் ஊறல், வியர்வை என்று தொடங்கி, வலிப்பு, மூச்சுத்திணறல் வரை போகலாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மோரும் உப்புத்தண்ணீரும் கொடுக்காதீர்கள். என்ன குடித்தது என்று சொல்லி நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இதற்குத் தனியாக முறிமருந்து இல்லை. மூச்சும் வலிப்பும் கட்டுக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை.

தேநீர்க்கடை நண்பர்களுக்கும் கட்டுக்கட்டாகக் கொடுக்கிறாராம், சிலர் காசும் தருகிறார்களாம். எச்சரிக்கைப் படம் இல்லாமல் புகையிலைப் பொருளை விநியோகிப்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது என்று சொல்லி வைத்தேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

அன்று பல்லை எடுத்தேன். பல் எடுத்த குழியில் ரத்தம் உறைந்து மூடினால்தான் புண் ஆறும். புகைத்தால் அது கலைந்து, தாங்க முடியாத வலி வரும். எனவே குறைந்தது மூன்று நாள் சுருட்டைத் தொடக்கூடாது என்றேன். வலிக்குப் பயந்து நிறுத்தும் அந்த மூன்று நாள்தான் எங்களுக்குக் கிடைக்கும் வாசல். கட்டணமில்லாத தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356ஐ அம்மாவின் கைப்பேசியில் பதித்துக் கொடுத்தேன். நிகோடின் மெல்லும் மாத்திரை இவர் பல்லுக்கு ஒத்துவராது. தோலில் ஒட்டும் பட்டை பற்றி அவருடைய இதய மருத்துவரைக் கேட்டுவரச் சொன்னேன்.

கன்னத்து வெண்படலத்திலிருந்து சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். புற்று இல்லை, ஆனால் செல்களில் லேசான மாறுதல் தொடங்கியிருக்கிறது.

ஆறு வாரம் கழித்து வந்தார். அண்ணத்துப் புள்ளிகள் மங்கியிருந்தன. கன்னத்து வெள்ளை அப்படியே இருந்தது. இலை ஊறும் பாத்திரம் மொட்டை மாடிக்குப் போய்விட்டதாம். அம்மா அதைத் தொடுவதில்லையாம்.

"மெஷின்?"

"உடைக்க மனம் வரவில்லை டாக்டர். ரோலரை மட்டும் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன். கையால் சுருட்டினால் இடுப்பு வலிக்கிறது. ஒன்றோடு எழுந்துவிடுகிறேன்."

அந்த ஒன்றையும் நிறுத்த வேண்டும் என்றேன். தலையாட்டினார். மூன்று மாதத்தில் மறுபடியும் கன்னத்தைப் பார்க்க வேண்டும். தேதி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.