கொழுப்புச் செல்லைச் சுற்றி ஒரு கிரீடம்: உடல் பருமன் புற்றுநோயை வளர்ப்பது எப்படி?

உடல் பருமனான ஒரு பெண்ணின் மார்பகக் கொழுப்புத் திசுவை மெல்லிய சீவலாக்கி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் ஆங்காங்கே சில வட்டங்கள் தென்படலாம். நடுவில் செத்துப்போன கொழுப்புச் செல். அதைச் சுற்றி நெருக்கியடித்து நிற்கும் மேக்ரோஃபேஜ்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள். நோயியல் மருத்துவர்கள் இதைக் கிரீட அமைப்பு என்பார்கள். பருமன் புற்றுநோய்க்குத் துணைபோகும் கதை பெரும்பாலும் இந்த வட்டத்தில்தான் தொடங்குகிறது.

எண்ணெய்த்துளியைச் சேர்த்துச் சேர்த்துப் பருத்த செல்லின் விட்டம் 100 மைக்ரானைத் தாண்டிவிடும். ரத்தக் குழாயிலிருந்து ஆக்ஸிஜன் ஊடுருவிச் செல்லும் தூரமே ஏறத்தாழ 100 முதல் 200 மைக்ரான்தான். மூச்சுமுட்டும் செல் எம்.சி.பி.1 என்ற புரதத்தை வெளிவிட, ரத்தத்தில் உள்ள மோனோசைட்டுகள் என்ற வெள்ளையணுக்கள் திசுவுக்குள் நுழைந்து மேக்ரோஃபேஜ்களாக மாறுகின்றன. செத்த செல்லை அகற்றுவது இவற்றின் வேலை. ஆனால் அந்த எண்ணெய்த்துளி மேக்ரோஃபேஜைவிடப் பல மடங்கு பெரிது. ஒரே வாயில் விழுங்க முடியாது. சுற்றி நின்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரைக்க வேண்டும். அதற்குள் பக்கத்துச் செல் செத்துவிடும். ஒல்லியானவர்களின் கொழுப்புத் திசுவில் 10 சதவீதத்துக்கும் குறைவாக உள்ள மேக்ரோஃபேஜ்கள், பருமனானவர்களிடம் 40 சதவீதத்தை நெருங்கக்கூடும் என்று 2003இல் வந்த ஆய்வு காட்டியது. காயத்தில் வரும் அழற்சி ஆறினால் அடங்கும். இது அடங்குவதேயில்லை.

இந்த மேக்ரோஃபேஜ்கள் டி.என்.எஃப்., இன்டர்லூகின் 6 போன்ற அழற்சிப் புரதங்களைச் சுரந்தபடி இருக்கின்றன. இன்டர்லூகின் 6 புற்றுச் செல்லுக்குள் ஸ்டாட்3 என்ற புரதத்தை முடுக்கிவிடும். செல் வேகமாகப் பிரியும், சாக வேண்டிய நேரத்தில் சாகாது. மார்பகத்தில் இன்னொரு கேடும் உண்டு. அழற்சிப் புரதங்கள் பக்கத்துச் செல்களில் ஆரோமடேஸ் நொதியைக் கூட்ட, அது ஆண்ட்ரோஜன் ஹார்மோனை, மார்பகப் புற்றை வளர்க்கக்கூடிய ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. மாதவிடாய் நின்றபின் சினைப்பை ஓய்ந்துவிடுவதால் கொழுப்புத் திசுதான் ஈஸ்ட்ரோஜனின் முக்கிய ஊற்று. பருமனால் மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடுவது மாதவிடாய் நின்ற பெண்களிடம் என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கட்டியை ஊட்டி வளர்ப்பது பாதி. அதைக் கொல்ல வரும் செல்களை முடக்குவது மறுபாதி. இந்தப் பாதி போதிய அளவு பேசப்படுவதில்லை. புற்றுச் செல்களைக் கொல்லும் நோயெதிர்ப்புச் செல்களான என்.கே. செல்கள், பருமனில் தம்முள் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு செயலிழப்பதை 2018இல் கண்டறிந்தார்கள். அவை புற்றுச் செல்லைப் போய்த் தொடத்தான் செய்கின்றன. ஆனால் பெர்ஃபோரின், கிரான்சைம் என்ற கொல்லும் புரதங்கள் நிரம்பிய பைகளைத் தொடும் இடத்துக்கு நகர்த்த முடிவதில்லை. புற்றைத் தாக்கும் இன்னொரு வகை நோயெதிர்ப்புச் செல்களான டி செல்களுக்கோ பட்டினி. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2020இல் எலிகளில் பார்த்தது: கொழுப்புமிக்க உணவு தந்தபோது புற்றுச் செல்கள் தம் வளர்சிதை மாற்றத்தைத் திருத்திக்கொண்டு கட்டியில் உள்ள கொழுப்பு அமிலங்களை அள்ளிக்கொண்டன; டி செல்களுக்குக் கிடைத்தது சொற்பம்.

பருமனில் மிகும் லெப்டின் என்ற கொழுப்புத் திசு ஹார்மோன், டி செல்களின் மேல் அவற்றின் தாக்குதலை அடக்கும் பி.டி.1 என்ற தடுப்பானையும் கூட்டுகிறது. வியப்பு என்னவென்றால், அதே தடுப்பானைக் குறிவைக்கும் மருந்துகள் சில புற்றுநோய்களில், குறிப்பாக மெலனோமா என்ற தோல் புற்றுநோய் கண்ட பருமனான ஆண்களிடம், கூடுதலாகப் பலன் தந்திருக்கின்றன. இதை வைத்துப் பருமன் நல்லது என்று யாரும் முடிவுகட்டக் கூடாது. அந்தக் கட்டி வளர இடம் கொடுத்ததிலேயே பருமனுக்குப் பங்கிருக்கலாம்.

சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2016இல் 13 வகைப் புற்றுநோய்களை உடல் கொழுப்போடு தொடர்புபடுத்தியது. பெருங்குடல், கல்லீரல், கணையம், சிறுநீரகம், கருப்பை உட்சுவர் ஆகியவை அதில் அடக்கம். எடை எந்திரம் மட்டும் இதைக் காட்டிக்கொடுக்காது. தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக்குள் கொழுப்பு சேர்வதால், நமக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 23ஐ எட்டும்போதே கவனம் தேவை. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது.

கொழுப்பு குறைந்தால் அபாயமும் குறையுமா? அமெரிக்காவில் 30,000க்கும் மேற்பட்ட பருமனானவர்களைப் பின்தொடர்ந்து 2022இல் வெளியான ஆய்வில், எடைகுறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் 10 ஆண்டுகளில் பருமன் சார்ந்த புற்றுநோய் வந்தது 2.9 சதவீதத்தினருக்கு; செய்யாதவர்களில் 4.9 சதவீதத்தினருக்கு.