கீமோவுக்குப் பிறகு விரல்கள் வெளுத்தால் சொல்லுங்கள்

மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ முடித்துச் சில மாதங்கள் ஆன பெண் அவர். குளிர்ந்த நீரில் கை வைத்ததும் விரல்நுனிகள் சுண்ணாம்பாய் வெளுத்து, நீலம் பாரித்து, பிறகு சிவந்து குத்துவதாகச் சொன்னார். முன்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தேன். பிடிக்கு வரவில்லை, அவ்வளவு இறுக்கம். "உயிர் பிழைத்ததே பெரிது, இதையும் போய்ச் சொல்வதா என்று இருந்துவிட்டேன் டாக்டர்" என்றார். மூட்டு நோய்களையும், இணைப்புத் திசு (தோலையும் உறுப்புகளையும் தாங்கிப் பிணைக்கும் திசு) நோய்களையும் பார்க்கும் எனக்கு இந்தத் தயக்கம்தான் நோயைவிடக் கவலை தருகிறது.

கீமோ மருந்துகளால் சிலருக்கு, அரிதாகத்தான், இணைப்புத் திசு நோய்களின் சாயலில் பாதிப்புகள் வருகின்றன. பிளியோமைசின் விரல்களின் ரத்தநாளங்களைச் சுருங்கவைக்கும். தோலையும் நுரையீரலையும் தழும்பேறச் செய்யும். பாக்லிடாக்செல், டோசிடாக்செல், ஜெம்சிடபின் ஆகியவற்றாலும், தோலைத் தடித்து இறுகச் செய்யும் ஸ்க்ளீரோடெர்மா நோயைப் போன்ற இறுக்கம் வரலாம். கேப்சிடபினாலும், பாக்லிடாக்செல், டோசிடாக்செல் அடங்கிய டாக்சேன் வகை மருந்துகளாலும் வெயில் படும் இடங்களில் லூபஸ் (நோயெதிர்ப்பு அமைப்பு சொந்த உடலையே தாக்கும் நோய்) தடிப்புகள் தோன்றுவதுண்டு. இந்தத் தடிப்புகள் பெரும்பாலும் மருந்தை நிறுத்தியதும் மறைந்துவிடுகின்றன. இறுகிய தோல் அவ்வளவு எளிதில் இளகுவதில்லை.

காரணத்தைப் பிரித்தறிவதுதான் கடினம். புற்றுநோயே ஸ்க்ளீரோடெர்மாவையோ தசையழற்சியையோ தூண்டியிருக்கலாம். புற்றுநோய் திரும்பிவருவதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம். எனவே ஏ.என்.ஏ. (சொந்த உடலுக்கு எதிரான ஆன்டிபாடிகளைத் தேடும் ரத்தப் பரிசோதனை) முடிவை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்வதில்லை. ஆரோக்கியமானவர்கள் சிலருக்கும் அது பாசிட்டிவாக வரும். எந்த மருந்துக்குப் பிறகு, எத்தனை வாரத்தில் தொடங்கியது என்ற கணக்கு அதைவிடப் பயன்படுகிறது. ஸ்டீராய்டை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். உண்மையான ஸ்க்ளீரோடெர்மாவாக இருந்தால், அதிக அளவு ஸ்டீராய்டு சிறுநீரகத்தைத் திடீரென முடக்கிவிடக்கூடும்.

இம்யூனோதெரபி கீமோ அல்ல, ஆனால் இங்கே சொல்லியே ஆக வேண்டும். நோயெதிர்ப்பு அணுக்களின் கடிவாளத்தை அவிழ்த்துவிடும் மருந்துகள் அவை. புற்றை நோக்கிப் பாயும் அணுக்கள் மூட்டையும் தசையையும் தாக்கலாம். அந்தச் சிகிச்சையில் இருப்பவருக்குத் தசை பலவீனம், இமை தொங்குதல், மூச்சுத்திணறல், நெஞ்சு படபடப்பு எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதயத்தசை வீங்கியிருக்கலாம்.

கீமோ எடுத்துக்கொண்டிருப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்த வேண்டாம். புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்றுவதா தொடர்வதா என்று நாங்கள் சேர்ந்து முடிவெடுப்போம். விரல் வெளுத்திருக்கும்போதே செல்பேசியில் படம் எடுத்து வையுங்கள். எங்களிடம் வந்து சேர்வதற்குள் நிறம் திரும்பிவிடுகிறது.